ஐந்து கரிச் சீனியும் அம்பாசமுத்திரத்துச் சம்பந்தமும்

ரசாயன ஆய்வுகூடத்தில் வேலை பார்க்கிறவனை ஊர் இரண்டே வகையாகத்தான் நினைக்கும்: வெடி வைக்கிறவன், இல்லாவிட்டால் பொன் செய்கிறவன். என்னைக் குடிகாரன் என்றும் நினைத்தது. அமிலம் தெறித்து வேட்டியில் ஓட்டை வாங்கிய அன்பர்களே, உங்களுக்குத்தான் என் பாடு புரியும்.

அடிமண்டி

முதல் ஜெர்மன் சண்டைக்கு முந்தைய காலம். பாளையங்கோட்டைக் கல்லூரியில் எனக்கு வேலை. ஈஸ்ட்டின் நியூக்ளிக் அமிலத்தில் இருப்பது ரைபோஸ் என்னும் சீனி, மற்றச் சீனிகளைப் போல அதில் ஆறு கரியணு, அதாவது கார்பன் அணு, இல்லை, ஐந்துதான் என்று எங்கள் பேராசிரியர் படித்துவிட்டார். மாணவர்களுக்குக் காட்டியே ஆகவேண்டுமாம். நம்மூரில் ஈஸ்ட்டுக்கு எங்கே போவது? கள்ளைப் புளிக்கவைத்துவிட்டு அடியில் மண்டியாகத் தங்குவது அதுதானே என்று பானையோடு கள்ளுக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எல்லாரும் மேல தெளிஞ்சதக் கேட்டுத்தான் வருவாவ. அடிமண்டியக் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான், அண்ணாச்சி!"

பாலத்தில்

ஆற்றுப் பாலத்தில் வரும்போது மண்டி பொங்கி, வேடுகட்டிய துணியைத் தள்ளிக்கொண்டு என் சட்டையெல்லாம் வழிந்தது. அந்த வாடையில் காக்கைகள் மயங்கி ஆற்றில் விழுந்தன. நான் கூட்டிச் சொல்லவில்லை, இரண்டு தப்பித்துக்கொண்டன.

அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு வில்வண்டி. உள்ளே அம்பாசமுத்திரத்து மாமா. தம் பெண்ணை எனக்குத் தருவதாகப் பேசி, நிச்சயத்துக்கு நாள் குறிக்க வந்துகொண்டிருந்தவர். பானையில் என்ன என்றார். "சீனி, மாமா" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்?

"சீனி இந்த வாடையா அடிக்கும்? ஏலே, வண்டிய ஊருக்கே திருப்புலே!"

ஒரே பக்கம்

விஷயம் தெரிந்ததும் பேராசிரியர் தாமே அம்பாசமுத்திரம் போய் மாமாவைக் கையோடு கூட்டிவந்தார். அந்த மனிதரை நினைத்தால் இன்றும் கை தானாகக் குவிகிறது. ஆய்வுகூட மேசைக்கு அந்தப் பக்கம் அவர்கள் இருவரும். இந்தப் பக்கம் நான் மட்டும். வீட்டுச் சீனி ஒரு குழாயில், மண்டியிலிருந்து பிரித்தது இன்னொன்றில். மருந்து விட்டுச் சுடவைத்தேன். இரண்டாவது மட்டும் வாழைக்குருத்துப் போலப் பச்சையானது; ஐந்து கரிச் சீனிக்கு அதுதான் அடையாளம்.

"நெறம் மாறுது, சரி. உள்ள இருக்கத யாரு கண்டா?" என்றார் மாமா.

அதற்கும் ஒன்று செய்து வைத்திருந்தேன்: ஈர்க்கில் கோத்த ஐந்து அடுப்புக்கரித் துண்டுகள், நடு மூன்றின் பக்கவாட்டில் புளியங்கொட்டைகள். கரித்துண்டுதான் கரியணு, கொட்டை அதில் ஒட்டிய ஆக்ஸிஜன்-ஹைட்ரஜன் ஜோடி. பயத்தில் ஒரு கொட்டையை எதிர்ப்பக்கம் ஒட்டியிருந்தேன். "மூன்றும் ஒரே பக்கம் இருந்தால்தான் ரைபோஸ். ஒன்று மாறினாலும் அது வேறு சீனி" என்றார் பேராசிரியர். மாமா அந்தக் கொட்டையைப் பைய எடுத்து மற்ற இரண்டின் பக்கம் ஒட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீரு மட்டும் என்னத்துக்குவே எதிர்ப்பக்கம் நிக்கீரு? எங்க பக்கம் வாரும், மாப்ளே. பொண்ணும் பச்சச் சேலைதான் கேக்கா."

பேராசிரியருக்கும் மாமாவுக்கும் நன்றி சொல்லும்போதெல்லாம் அந்த ஐந்து கரித்துண்டுகளுக்கும் சேர்த்தே சொல்லிவிடுவேன், தரகே கேட்காமல் கல்யாணம் முடித்துவைத்த தரகர்கள் ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?