காப்புக் கையோடு எல்லை தாண்டினேன்

என் பெயர் கலியபெருமாள். காரைக்காலுக்குத் தெற்கே, கடலோரத்தில் வீடு. விசைப்படகு ஓட்டுகிறவன். மாரியம்மனை நம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நம்பாதவர்கள் காதில் விழுந்தாலும் எனக்குச் சங்கடம் இல்லை.

சுனாமி வந்து நாலைந்து வருஷம் கழித்து, ஒரு வைகாசித் திருவிழா. அந்த வருஷம் கரகம் எடுக்க எனக்குத்தான் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, கடலுக்கும் போகக் கூடாது. ஒரு வேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை. நெருப்பில் இறங்குவதற்கு உடம்பை அப்படித்தான் பழக்குவோம்.

தீமிதிக்கு இரண்டு நாள் முன்பு, காலை நேரம். குழாயடியில் என் மனைவி செல்வி குடத்தைத் தூக்கியவள், "தல வெடிக்கிற மாரி இருக்குங்க" என்றாள். அப்படியே சரிந்தாள். வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு பேச்சில்லை. நான் செத்தேன் என்றுதான் நினைத்தேன். அவளில்லாமல் எனக்கு என்ன வாழ்க்கை.

வேனில் ஏற்றினோம். எல்லைக் கல் அருகே ஊர்த் தலைவர் குறுக்கே வந்து நின்றார்.

"ஒம் மச்சான் கூட்டிட்டுப் போவட்டும். நீ எறங்கு. காப்புக் கட்டுன கையோட தாண்டுனா ஊருக்கே ஆகாது."

"எம் பொண்டாட்டி செத்துட்டா ஊருக்கு ஆகுமாங்க?"

அவர் ஓரமாக ஒதுங்கினார். வண்டியை எடுக்கச் சொன்னேன். கல்லைத் தாண்டும்போது வாய்விட்டே வேண்டினேன்: "அம்மா, நான் போறேன். வரணும்னா நீயும் ஏறிக்க. கோவம்னா எங் கால எடுத்துக்க. அவள விட்டுடு." அதுதான் என் பிரார்த்தனை. அழுது கேட்கவில்லை, சண்டை போட்டுத்தான் கேட்டேன்.

காரைக்காலில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளையில் ரத்தக்கசிவு என்று பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஆபரேஷன் செய்து, வெடித்த ரத்தக்குழாயை அடைத்தார்கள். பிழைத்தாள் என்று நான் மூச்சு விடுவதற்குள் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார்.

"ஆபத்து இன்னும் போகலைங்க. வர்ற நாள்கள்ல மூளைக்குப் போற குழாய்ங்க சுருங்கலாம். சுருங்குனா ரத்தம் பத்தாது. கை கால் விழுந்துடலாம், பேச்சு போயிடலாம். மருந்து குடுக்குறோம். அதோட இன்னொண்ணும் செஞ்சு பாக்கலாம். பிரஷர் பாக்குற பட்டை மாதிரி ஒண்ண கால்ல கட்டி, சில நிமிஷம் ரத்தத்த நிறுத்துவோம். அப்புறம் விட்டுடுவோம். மறுபடி கட்டுவோம். கால் படுற அந்தச் சின்னக் கஷ்டத்தால மூளைக்கும் தாங்குற சக்தி வரலாம்னு சொல்றாங்க. இது புதுசு, ஆராய்ச்சியிலதான் இருக்கு. பலன் நிச்சயம்னு சொல்ல மாட்டேன். உங்க சம்மதம் வேணும்."

மச்சான் முருகையன், செல்வியின் அண்ணன், எழுந்துவிட்டான். "அடி பட்டது தலையில. கட்டு கால்லயா? பாம்பா கடிச்சிது?"

அவனைக் குறை சொல்ல முடியாது. பாம்புக்கடிக்குக் கட்டிய கயிற்றை அவிழ்க்காமல் விட்டதில் எங்கள் ஊரில் ஒருவருக்குக் காலே போயிருக்கிறது. எனக்கோ டாக்டரம்மா சொன்னது புதிதாகவே படவில்லை.

"வெரதம் இருக்க வைக்கிறீங்க. பெரிய நெருப்புக்கு முன்னாடி சின்னக் கஷ்டம். அதானங்க?" என்றேன்.

அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். "அப்படியும் வச்சுக்கலாம்" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

முதல் தடவை பட்டை இறுகியபோது செல்வியின் பாதம் வெளுத்தது. நர்ஸ் திரும்பிய நேரம் பார்த்து மச்சான் பட்டையைப் பிய்க்கக் கை நீட்டினான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "தொட்ட, அவ அண்ணன்னு பாக்க மாட்டேன்." நேரம் முடிந்து பட்டை தளர்ந்தது. பாதத்தில் சிவப்பு ஏறியது. அதைப் பார்த்து மச்சான் தேம்பி அழுதான். எனக்கு அப்போதுதான் உறைத்தது: என் காலை எடுத்துக்கொள் என்று நான் தந்தேன், அம்மனோ செல்வியின் காலைச் சில நிமிஷம் கடன் கேட்கிறாள்.

ஊரில் எனக்குப் பதிலாக வேறொருவன் கரகம் எடுத்தான். நான் கயிற்றை அவிழ்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் ஒரு வேளைதான் சாப்பிட்டேன்.

செல்வி கண் விழித்து இரண்டொரு வார்த்தை பேச ஆரம்பித்திருந்தாள். ஒரு நாள் அவள் வலது கை துவண்டுபோனது. வாய் குழறியது. உடைந்துபோனேன். வராந்தாவில் நின்று அம்மனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மன்னிப்புக் கேட்கவில்லை, இன்றுவரை. மறுநாளும் மருந்து நடந்தது, பட்டையும் கட்டினார்கள். அடுத்த நாள் அவள் விரல்கள் என் காப்புக் கயிற்றைப் பிடித்தன. லேசாக, ஆனால் பிடித்தன.

பட்டையா, மருந்தா, எது காப்பாற்றியது என்று கேட்டேன். "தெரியலைங்க" என்றார் டாக்டரம்மா. அந்த நேர்மைக்காகவே அவரைக் கும்பிட்டேன். நான் பிரித்துப் பார்ப்பதில்லை. கேட்டேன், கிடைத்தது.

ஆடியில் ஊர் திரும்பி நேராகக் கோயிலுக்குப் போனோம். தலைவர் வாசலில் இருந்தார்.

"பூசாரி ஒன் காப்ப அவுக்க மாட்டாரு. ஊர் முன்னாடி விழுந்து தப்புன்னு சொல்லு."

"அம்மன் கால்ல தெனமும் விழுவேங்க. தப்புன்னு விழ மாட்டேன்."

அப்போது செல்வி என் கையை இழுத்தாள். வியர்வையில் கல்லாக இறுகிப்போன முடிச்சு. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அந்த வலது கை விரல்களால் முடிச்சை நெருட ஆரம்பித்தாள். நழுவியது. மறுபடி பிடித்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. முடிச்சு அவிழ்ந்தது.

"நீங்க சொல்லுங்க தலைவரே, அம்மா கோவமாவா இருக்கா?" என்றாள். ஒரு சொல்கூடக் குழறவில்லை. கயிற்றை எடுத்துப்போய் அம்மன் காலடியில் வைத்தாள். யாரும் தடுக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு சரியலாம். எல்லைக் கல்லைப் பார்த்து நிற்காதீர்கள். வண்டியை எடுங்கள். அம்மா உங்களுக்கு முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருப்பாள்.