ஆய்வுக்குத் திறந்த கதவுகள்

படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டு ஊர் ஊராக வேலை பார்த்துத் திரிந்தபின், தெப்ராவில் கம்பம் என்று சொல்லும் ஒரு பழைய குடியிருப்பில் வாடகைக்கு இருந்தேன். நகரத் திட்டமிடலில் முதுகலை படிக்கும் தமிழ்ப் பெண் ஒருத்தி அங்கே ஆய்வுக்கு வந்தாள்.

கோப்பும் கையுமாக யார் வந்தாலும் எங்கள் கம்பத்தார், "வீட்டுக்காரர் இல்ல, அப்புறம் வாங்க" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். அவள் என்னிடம் வந்தாள்.

"நீங்க கூட வந்தா பேசுவாங்கண்ணே. இது என் படிப்புக்கு மட்டுந்தான். வெளிய போகாது."

நம்பினேன். மூன்று வாரம் சனி ஞாயிறுகளில் அவளோடு வீடு வீடாக நடந்தேன்; ஒவ்வொரு வீட்டையும் அவள் ஒரு வரைபடத்தில் குறித்துக்கொண்டாள். நான் நின்றதால் எல்லாரும் உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். நிலத்துக்குப் பட்டா இல்லை என்பதைக்கூட மறைக்கவில்லை.

அடுத்த வருடம் ஒரு வீடமைப்பு நிறுவனம் கம்பத்தாரைக் கூட்டத்துக்கு அழைத்தது. சுவரில் அவள் வரைந்த அதே வரைபடம் தொங்கியது. பட்டா இல்லாத வீடுகளுக்குச் சிவப்பு அடித்திருந்தார்கள். முதலில் இடிபடுபவை அவைதானாம். அவள் நிறுவனத்தார் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"வெளிய போகாதுன்னு சொன்னீங்களே, தங்கச்சி?"

"இப்ப எனக்கு இங்கதான் வேலை அண்ணே. நான் குடுக்கலன்னாலும் வேற யாராவது வந்து கேட்டு எழுதியிருப்பாங்க லா."

வேறு யாருக்கும் எங்கள் ஆட்கள் வாய் திறந்திருக்க மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும்.

வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா என்னை நிறுத்தினார். அவர் வீடும் சிவப்பு.

"ஒனக்கும் அங்க வேலை போட்டுக் குடுத்துட்டாங்களா, தம்பி?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.