புதுக்கோட்டையில் பிரித்த இருபது பொட்டலங்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் ஒரு ஞாயிறு. காலை ஐந்தரைக்கு மண்டபத்தில் ரயில் ஏறினேன். மடியில், மறுநாள் சோதனைக்கான கடல் நீர் நிரப்பிய தகர டின், காலடியில் கூடை. கூடையில் இருபது கடல் முள்ளெலிகள்: எலுமிச்சம்பழ அளவு, உடம்பெல்லாம் முள். ஒவ்வொன்றும் ஈரக் கடற்பாசியில் தனித்தனிப் பொட்டலம்.

திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்துச் சாமான்களுக்கு நான் பொறுப்பு. மறுநாள் மாணவிகளுக்கு, முட்டைக்குள் விந்தணு நுழையும் கணத்தை உயிரோடு காட்ட வேண்டும். அதுவரை அவர்கள் கண்டது புத்தகப் படம்தான். முதல்வர் அரைமனதாய்ச் சம்மதித்த செலவு. விரிவுரையாளர் செங்கமலம் அம்மாள், "பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நாற்பத்தாறு வயதில் கேள்வி கேட்டால் மரியாதை குறையுமாம்.

பத்தே முக்கால், புதுக்கோட்டை. வெயில் ஏறிவிட்டது. மணப்பாறைக்குச் சம்பந்தி வீடு போகும் ஓர் அம்மா கூடையை எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, முள்ளு அசையுது?"

"கடல் பிராணிங்க. காலேஜுக்கு."

"தண்ணியை மடியில வச்சுக்கிட்டு, அதுங்களைக் காயப்போட்டு எடுத்துட்டுப் போறீங்களே! வாயில்லா ஜீவனுங்க. பாவம் சும்மா விடாதுங்க."

பாவம் என்ற சொல்லுக்கே எனக்குப் பயம். இருபதையும் பிரித்து டின்னில் போட்டேன். புண்ணியம் கீரனூர் வரை நீடித்தது. அங்கே பார்த்தால் தண்ணீர் பாலாய் வெளுத்திருந்தது. எங்கள் குலத்துக்குச் சம்பந்தமில்லாத தெய்வங்களையும் கூப்பிட்டேன்.

புதுக்கோட்டையிலிருந்து முப்பத்து மூன்று மைல். திருச்சி ஜங்ஷன் வரும்போது பன்னிரண்டே முக்கால். கல்லூரி விடுமுறை என்பதால் அம்மாள் வீட்டுக்கே கொண்டுபோக ஏற்பாடு. ஸ்ரீரங்கம் பஸ், இருபது நயா பைசா.

"அண்ணே, மோர் விக்கிறதா இருந்தா இறங்கி வில்லுங்க," என்றார் கண்டக்டர்.

காவேரிப் பாலத்தில், நல்ல தண்ணீர் மாற்றினால் பிழைக்குமோ என்று துடித்தேன். மாற்றியிருந்தால் முட்டைகள் வெடித்திருக்குமாம். என்னைத் தடுத்தது அறிவல்ல. இறங்க விடாத கூட்டம்.

இரண்டு மணிக்கு உத்தர வீதி. அம்மாள் டின்னைப் பார்த்தார்.

"பிரிச்சேளா?"

"தாகமா இருந்ததுங்கம்மா."

"யாருக்கு?"

பிரிக்கக் கூடாததன் காரணத்தை அப்போதுதான் சொன்னார். வெளியே பார்த்து ஆண், பெண் தெரியாத பிராணி. ஒன்று விந்தை விட்டால், உடனிருக்கும் மற்றவையும் விந்தையும் முட்டையையும் விட்டுவிடும். அதற்குத்தான் தனித்தனிப் பொட்டலம். டின்னிலிருந்து ஒரு சொட்டை எடுத்து, கல்லூரியிலிருந்து கொண்டுவந்திருந்த மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் நகர்த்தினார்.

"பாருங்கோ."

வட்ட வட்டமாய் முட்டைகள், உள்ளே இரண்டாகவும் நான்காகவும் பிரிந்து. ஒவ்வொன்றையும் சுற்றிக் கண்ணாடி போல் ஓர் உறை. வெளியே பொடிப்பொடியாய் விந்தணுக்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தன.

"ஒண்ணு நுழைஞ்சதுமே இந்த உறை கிளம்பி, ஒரு நிமிஷத்துக்குள்ள சுத்தி மூடிக்கும். அப்புறம் லட்சம் வந்தாலும் வெளியிலதான். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் குழந்தைகளுக்குக் காட்டணும்னு இருந்தேன். உறை வரதுக்கு முன்னாடியே முட்டை எப்படியோ தடுக்கறதுன்னும் சொல்றா. எப்படின்னு விஞ்ஞானிகளுக்குள்ள இன்னும் சண்டை ஓயலை."

"இது மூணா பிரிஞ்சிருக்கேம்மா?"

"கூட்டம் ஜாஸ்தி. மூடறதுக்குள்ள ரெண்டு நுழைஞ்சுடுத்து. கணக்குத் தப்பிப் பிரியும். பிழைக்காது."

"நான் ஒரே டின்ல போட்டதாலயா?"

"ஆமாம்."

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு வேடிக்கை சொல்லித் தப்பிப்பேன். வரவில்லை.

முதல்வருக்கு அறிக்கை எழுத அம்மாள் காகிதம் எடுத்தார். "வெயில்ல கெட்டுப்போச்சுன்னு எழுதிடறேன். உங்க மேல வராது."

"வெயில் அடுத்த வருஷமும் அடிக்குமேம்மா. அப்புறம் யாரையுமே அனுப்ப மாட்டாங்க. நான் பிரிச்சேன்னே எழுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். எழுதினார்.

திங்கள் காலை பத்து மணி. மாணவிகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். சரியாக மூடிக்கொண்டவை குட்டிப் பந்துகளாய்ச் சுழன்று நீந்தின. இரண்டை உள்ளே விட்டவை சிதைந்து அடியில் கிடந்தன. நுழையும் கணத்தை யாரும் பார்க்கவில்லை.

முதல்வர் அறிக்கையின் கீழே இரண்டு வரி எழுதி அனுப்பினார்: அடுத்த ஆண்டும் தருவிக்கலாம். போக வேறு ஆள்.

முதல் வரியைப் படித்து அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது வரியை நான் காட்டூரில் என் வீட்டில் சொல்லவே இல்லை.