மதியம் ஒன்றரை முதல் இரண்டரை வரை

பிரகதீஸ்வரி சோற்றைக் கைவிட்டு ஐந்து மாதம் ஆகிறது. வேலையோ சோற்றோடுதான். கந்தர்வக்கோட்டை ரோட்டில், முந்திரிக்காடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் சத்துணவு அமைப்பாளர். தினமும் அறுபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு அரிசி அளந்து கொடுத்து, உலை கொதிப்பதைப் பார்த்து, வெந்த பருக்கையை விரலில் நசுக்கிப் பதம் சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய் இரண்டு அவித்த முட்டையும் கொஞ்சம் கீரையும் தின்றுவிட்டு வருவாள். இப்படியும் ஒரு பிறவி உண்டா என்றால், உண்டு. திருக்கோகர்ணத்திலிருந்து காலை எட்டே காலுக்கு பஸ் ஏறி வருகிறது.

கொரோனா ஊரெல்லாம் சுற்றிய வருடம் அவளையும் பிடித்தது. காய்ச்சல் ஒன்பது நாளில் விட்டது. அசதி விடவில்லை. ரத்தம், சிறுநீர், தைராய்டு, நெஞ்சுப் படம் என்று எல்லாம் எடுத்தாகிவிட்டது. ரிப்போர்ட் நார்மல் என்று டாக்டர்கள் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு அழுகைதான் வரும். நார்மலான பொம்பளை தலைக்குக் குளித்த களைப்பில் ஈரத்தலையோடு கட்டிலில் விழுந்து கிடப்பாளா? கடைசியில் ஒரு சின்ன வயசு டாக்டர்தான் அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, “சில பேருக்கு வைரஸ் போனாலும் இந்தக் களைப்பு தங்கிரும்மா. இருக்குற தெம்பைப் பாத்துப் பாத்துச் செலவழிங்க. இழுத்துப் போட்டுச் செஞ்சா ரெண்டு நாள் படுக்க வச்சிரும்” என்றார். தன்னை நம்பிவிட்டார் என்பதே அவளுக்குப் பாதி மருந்தாக இருந்தது.

அன்றிலிருந்து, குழாயில் தண்ணீர் வராத நாளில் இருக்கிற ஒரு குடத்தை வைத்து வீடு புழங்குகிற மாதிரிதான் அவள் தன் நாட்களைப் புழங்கினாள். துணி துவைத்தால் குழம்பு கிடையாது. கல்யாண வீட்டுக்குப் போய் வந்தால் மறுநாள் யாரோடும் பேச்சு கிடையாது. படுத்துக் கிடந்ததில் உடம்பு போட்டது. தொண்ணூற்றிரண்டு கிலோ. நடந்தால் குறையும் என்று உலகமே புத்தி சொன்னது. ஒரு நாள் விடிகாலையில் ஸ்டேடியத்தைச் சுற்றி மூன்று சுற்று நடந்தாள். நாலு நாள் எழுந்திருக்கவில்லை. நடக்கச் சொன்னவர்களில் ஒருத்தரும் வந்து அவளுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுக்கவில்லை.

கால்தான் உதவவில்லை, வாயையாவது கட்டுவோம் என்று தோன்றியது. பேலியோ என்ற பெயரில் நாடே தின்றுகொண்டிருந்ததை அந்த டாக்டரிடமே கேட்டு, ரத்தம் பரிசோதித்துக்கொண்டு ஆரம்பித்தாள். சோறு, இட்லி, சர்க்கரை எல்லாவற்றுக்கும் கும்பிடு. முட்டை, கீரை, மீன், மோர், கத்தரிக்காய். எடை குறைந்தால் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தெம்பாவது மிச்சம் என்பது அவள் கணக்கு. சமைக்க நிற்க முடியாதவளுக்கு முட்டை தோதாகவும் இருந்தது. பக்கத்து வீட்டு நாட்டுக்கோழி முட்டை. காலையில் அவள் புருஷன் குணசேகரன் அவித்து, ஓட்டையும் உரித்து டப்பாவில் போட்டுத் தந்துவிடுவார். டவுனில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்க்கிற மனுஷன். இரும்பு பிடித்த கையால் அவர் முட்டை உரிக்கிற பதவிசைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அவளுக்கு விரல் கணுவெல்லாம் வலிக்கும், அதனால் சிரிக்க மாட்டாள்.

முதல் மாதம் தலை கிறுகிறுத்தது. எலுமிச்சையும் உப்பும் கலந்து குடித்துச் சமாளித்தாள். மூன்றாம் மாதம் ஜாக்கெட் தொளதொளத்தது. ஐந்தாம் மாதம் எழுபத்தொன்பது கிலோ. களைப்பு போய்விடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளிக்கூடம் வருவதற்குள் முன்பு இரண்டு இடத்தில் உட்காருவாள். இப்போது ஓரிடத்திலும் உட்காருவதில்லை. அந்த ரோட்டை முழுசாக ஒரே மூச்சில் நடந்த அன்றைக்கு, முந்திரிப் பூ வாசத்தில் அவள் சின்னப் பெண் மாதிரி கையை வீசிக்கொண்டு வந்தாள்.

ஒன்றை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று போனில் அனுப்பி, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டதும் அவளுடைய குடம் காலியாகிவிடும். மறுநாள் சமையலுக்கு எடுத்து வைக்கிற வேலை அதன் பிறகுதான். அதனால் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அரிசி மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்துவிடுவாள். இரண்டு வருடமாக இப்படி. சமையல்கார சின்னப்பிள்ளைக்கு மட்டும் தெரியும். அவள் வாசலில் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் காவல் இருப்பாள்.

அந்த ஒரு மணி நேரம் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் அலையடிக்கும். சாக்குப் பையின் மணமும் அரிசியின் மணமும் கலந்து மூக்கில் ஏறும். சோற்றை விட்ட பிறகு கனவிலெல்லாம் சோறுதான் வந்தது. வானத்திலிருந்து பொலபொலவென்று பருக்கை உதிரும், தார் ரோடு வெள்ளையாகிவிடும், அவள் முந்தானையை விரித்துக்கொண்டு நிற்பாள். அப்புறம் சோறு மெல்லத் தண்ணீராகும். சித்தன்னவாசல் குகையின் மேற்கூரையில் இருக்கிற தாமரைக் குளம் தலைக்கு மேலிருந்து இறங்கி வந்து அவளைச் சுற்றி நிரம்பும். மீன்கள் அவள் காலை உரசிக்கொண்டு போகும். யாரோ தாமரை பறிப்பார்கள். அவளுக்கு எடையே இருக்காது. கை வலிக்காது. தண்டோடு ஒரு பூவைப் பிடித்துக்கொண்டு மிதப்பாள். கதவுக்கு வெளியே யாராவது செருப்புச் சத்தத்தோடு நடந்தால் போதும், குளம் வற்றிவிடும்.  தெரிந்துவிட்டதோ, முடியாதவளுக்கு எதற்கு வேலை என்று எழுதிப் போட்டுவிடுவார்களோ என்று பயம். வேலைக்கு வருவதால்தான் அவள் காலையில் எழுந்திருக்கிறாள். அது இல்லையென்றால் கட்டிலும் தானும் ஒன்றாகிவிடுவோம் என்று அவளுக்கு உறுதியாகத் தெரியும்.

வினை சின்னப்பிள்ளை வாயிலிருந்து வந்தது. ரேஷன் கடை வரிசையில் நின்றவள், பெருமை தாங்காமல், “எங்க சத்துணவு டீச்சரப் பாத்தீகளா? சோத்தையே தொடுறதில்ல. தெனம் முட்டையாத் தின்னே பதிமூணு கிலோ எளைச்சுட்டாங்க” என்று சொல்லிவிட்டாள். பாராட்டாகத்தான் சொன்னாள். வரிசையில் நின்ற ஒருத்தி, “யாரு முட்டைய?” என்று கேட்டாள். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒரு மதியத்தில் எடுத்து வைத்திருந்த, சாத்திய ஸ்டோர் ரூம் கதவின் போட்டோ வந்தது. ‘பிள்ளைகள் முட்டை எங்கே போகிறது? மதியம் பூட்டிய அறைக்குள் என்ன நடக்கிறது?’ என்று கீழே எழுதியிருந்தது. நாலாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா தேவிப்ரியா, போன வாரம் தன் மகளுக்கு உடைந்த அரை முட்டைதான் கிடைத்தது என்று அதன் கீழே சேர்த்தாள். மசாலாவில் போட்டுக் கிளறும்போது முட்டை உடைவது சமைத்தவர்களுக்குத் தெரியும். குரூப்பில் யார் சமைத்தார்கள்?

சின்னப்பிள்ளை மறுநாள் அடுப்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். “என் நாக்குல சூடு வைக்கணும் டீச்சர். நான் போயி எல்லாத்தையும் சொல்லிருறேன். ஒடம்புக்கு முடியாமத்தான் படுக்குறாங்கன்னு சொல்லிருறேன்.”

“அதச் சொல்லாதக்கா. அதச் சொன்னா வேலை போயிரும்.”

“சொல்லாட்டி திருடின்னு ஆயிரும் டீச்சர்.”

பிரகதீஸ்வரி அரிசி அளக்கத் திரும்பினாள். பேசினால் தெம்பு செலவாகும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பெற்றோர் கூட்டம், யூனியன் ஆபீசிலிருந்தும் ஆள் வருகிறார் என்று ஹெச்.எம். சத்யபிரியா சொல்லி அனுப்பினார். மூன்று மணி என்பது அவளுக்கு நடுச்சாமம் மாதிரி. அதனால் புதன்கிழமையிலிருந்தே சேர்த்து வைக்க ஆரம்பித்தாள். தலைக்குக் குளிக்கவில்லை. வீடு கூட்டவில்லை. குணசேகரன், “வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துரு ஈஸ்வரி. நாம கஞ்சி குடிச்சுப் பொழச்சுக்கலாம்” என்றார். “கஞ்சியும்தான் எனக்கு ஆகாதே” என்று அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு அவர் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அழுகைக்கும் தெம்பு போகும் என்று தெரிந்தேதான் அழுதாள்.

கூட்டத்தில் முப்பது பெண்கள் இருந்தார்கள். யூனியன் ஆபீஸ் கண்ணுசாமி முதலில் முட்டை அட்டைகளை எண்ணினார். ரிஜிஸ்டரைப் புரட்டினார். மறுபடி எண்ணினார். “கணக்கு சரியாத்தாம்மா இருக்கு” என்றார்.

தேவிப்ரியா எழுந்தாள். “கணக்கு சரியா இருக்கும் சார், எழுதுறது அவங்கதானே? ஸ்கூல் முட்டை ஓட்டுல சீல் இருக்கும். இவங்க டப்பாவுல இருக்கறது உரிச்ச முட்டை. அது எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு யாரு கண்டா? சரி, அது போகட்டும். கதவ எதுக்குச் சாத்துறாங்க? அத மட்டும் சொல்லச் சொல்லுங்க.”

எல்லாத் தலையும் பிரகதீஸ்வரி பக்கம் திரும்பியது. பாத்திரக் கூடையோடு வாசலில் நின்ற சின்னப்பிள்ளை வாயைத் திறக்கப் போனாள். வேண்டாம் என்று பிரகதீஸ்வரி கையைக் காட்டினாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மூன்று நாளாகப் படுத்துக்கொண்டே கோத்து வைத்திருந்த பேச்சில் ஒரு வார்த்தை கூட ஞாபகம் வரவில்லை. முகங்களெல்லாம் தண்ணீருக்கு அடியில் தெரிகிற மாதிரி ஆடின. திருடி என்ற பெயரோடு வேலையில் இருப்பதா, முடியாதவள் என்ற பெயரோடு வீட்டில் இருப்பதா? இரண்டையும் யோசித்துப் பார்க்கவே அவளிடம் தெம்பு மிச்சமில்லை. இருந்ததை எடுத்து வைத்தாள்.

“உள்ள படுத்துருப்பேம்மா” என்றாள். “கொரோனாவுக்கு அப்புறம் எனக்கு ஒடம்பு முடியல. ஒரு மணி நேரம் படுக்காட்டி எந்திரிக்க முடியாது. எளைச்சா கொஞ்சம் நடமாடலாம்னுதான் சோத்த விட்டேன். முட்டை நான் வீட்டுலருந்து கொண்டு வர்ற முட்டை. படுத்துக் கெடக்குறத யாரும் பாத்துறக் கூடாதுன்னுதான் கதவச் சாத்துனேன். வேலை போயிருமோன்னு பயம். பிள்ளைக முட்டையத் தின்னா எனக்குச் செரிக்குமா?” சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதைவிட விழுந்தாள் என்பதே சரி. யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

கண்ணுசாமி, ஆய்வுக்கு வருகிறவர்கள் எழுதும் பார்வைப் புத்தகத்தில் ஏதோ எழுதிவிட்டுப் போனார். பெண்கள் சேலையை உதறிக்கொண்டு ஒவ்வொருத்தராகக் கிளம்பினார்கள்.  சத்யபிரியா மட்டும் பக்கத்தில் வந்து, “ரெண்டு வருசமா எங்கிட்டச் சொல்லலையே நீங்க” என்றார். கோபமா வருத்தமா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. “வேலைல ஒரு கொறையும் இல்லன்னுதான் அவர் எழுதியிருக்காரு. பாக்க முடியுற வரைக்கும் பாருங்க. முடியாத அன்னைக்கு மொத ஆளா எங்கிட்டச் சொல்லுங்க. மத்ததுக்கு நான் இருக்கேன்.”

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை பஸ் ஏறினாள். அரிசி அளந்தாள். பதம் பார்த்தாள். அறுபத்தாறு பிள்ளைகள் சாப்பிட்டார்கள், இரண்டு பேர் வரவில்லை. ஒன்றரை மணிக்கு ஸ்டோர் ரூமுக்குள் போய்ப் பாயை விரித்தாள். பழக்கத்தில் கை கதவுக்குப் போனது. கொஞ்ச நேரம் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு இரண்டு பலகையையும் விரியத் திறந்து விட்டுவிட்டு வந்து படுத்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. புடவையைக் கணுக்கால் வரை இழுத்து விட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். வெயில் நேராக முகத்தில் விழுந்தது. எழுந்து பாயை நகர்த்த முடியவில்லை.

செருப்புச் சத்தம் கேட்டது. வாசலில் நின்றது. மகள் மறந்துவிட்டுப் போன நோட்டைக் கொண்டுவந்த தேவிப்ரியாவின் குரல், “தூங்குறாங்களா?” என்று கேட்டது.

“தூக்கமா? அதெல்லாம் வராது. சும்மா கெடக்காங்க” என்றாள் சின்னப்பிள்ளை. குரலில் காரம் இருந்தது.

 பிறகு கதவு கீல் மெல்ல முனகியது. “மூஞ்சியில வெயிலடிக்குது. சாத்தி விட்டுருறேன்.”

பிரகதீஸ்வரி கண்ணைத் திறக்காமலே சொன்னாள். “வேணாம்மா. தொறந்தே கெடக்கட்டும்.”

கதவு நின்றது. வளையல் சத்தம் தாழ வந்தது. “அப்ப நான் இங்கிட்டு ஒக்காந்துக்கிறேன். நீங்க படுங்க.”

நிலைப்படியில் ஒரு உடம்பு வந்து அமர்ந்ததும் முகத்தில் நிழல் விழுந்தது.  பிரகதீஸ்வரி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே இருக்கும்போது, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, அந்த அறையில் அவளுக்கு நிஜமாகவே தூக்கம் வந்துவிட்டது.