கங்காணி உருட்டும் பெட்டிகள்

பழைய கம்ப்யூட்டருக்குப் புது கேம் எழுதுறது மாதிரி ஒரு கிறுக்குத் தொழில் வேற இல்லீங்க. கட்டுகஸ்தோட்டையில போன் திருத்துற கடை வச்சிருக்கேன், அது சோத்துக்கு. இது பைத்தியத்துக்கு. உங்கள்லயும் இப்படி ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு வீட்டில ஏச்சு வாங்குறவங்க இருப்பீங்க, உங்களுக்குத்தான் சொல்றேன்.

கெசட் சத்தம்

கீபோர்டுக்குள்ளயே முழு கம்ப்யூட்டரும் இருக்கிற அந்தக் காலத்துச் சாமான். டிவியில மாட்டி கெசட்டைப் போட்டா, கேம் ஏறி முடியிற வரைக்கும் கீச்சுக்கீச்சுன்னு கத்தும். அலவத்துகொடயிலருந்து போன் திருத்த வந்த முஸ்லிம் நானா ஒருத்தர், அதைக் கேட்டதும் குடுத்த போனைத் திருப்பி வாங்கிட்டார்.

"மொதல்ல இதுக்கு மருந்து குடுங்க தம்பி, இது சொகமான பொறகு நான் வாரன்."

சதுரப் பெட்டி

பழைய ஆர்கேட் கேம்ல ஏணி ஏணியா ஏறி, மேலருந்து உருண்டு வர்ற பீப்பாயைத் தாண்டணுமே, அதை நம்ம மலைக்குக் கொண்டுவந்தேன். தேயிலைச் செடி நிரை நிரையா கொழுந்து எடுக்கிற பொண்ணு ஏறணும், உச்சியில நின்னு வேலை வாங்குற கங்காணி தேயிலைப் பெட்டிகளை உருட்டி விடுவார். சதுரப் பெட்டி எப்படி உருளும்னு கேட்காதீங்க, எனக்கு வட்டம் வரைய வரல்ல.

கண்டியில நடக்கப்போற பழைய கேம் கண்காட்சிக்கு எழுதிப் போட்டேன். யாராவது ஜெயிக்கிற வீடியோ சனிக்கிழமைக்குள்ள வரணும், இல்லாட்டி சேர்க்கமாட்டோம்னுட்டாங்க. அடக் கொடுமையே, எழுதின நானே ஒரு தரமும் ஜெயிச்சதில்லை! கடையில என்னோட வேலை செய்ற செல்வியும் மூணு நாளா விழுந்து விழுந்து எழும்பினா.

"கங்காணியை லீவில அனுப்புங்க அண்ணா, நான் இப்பவே ஜெயிச்சுக் காட்டுறேன்."

மேரியக்கா

வெள்ளிக்கிழமை, போனுக்குக் கண்ணாடி மாத்த மேரியக்கா வந்தாங்க. புசல்லாவைப் பக்கம் கொழுந்து எடுக்கிறவங்க. வேலை முடியிறவரை விளையாடுங்கன்னேன். ஏணியைக் கண்டா நாங்க எல்லாம் பறப்போம், அந்த மனுஷி ஓடவேயில்லை. பெட்டி வந்தா ஒதுங்கி நின்னு, ஒரு கொழுந்து விடாம எடுத்துட்டுத்தான் அடுத்த நிரைக்கு ஏறினாங்க. பாதி நிரையில விட்டுட்டுப் போனா தோட்டத்துல ஏச்சு விழுமாம்.

திடீர்னு கங்காணி வெறுங்கையோட நிற்கிறார்! மெமரி பத்தாம அவருக்கு முப்பது பெட்டிதான் குடுத்திருந்தேன், குடுத்ததையே மறந்துட்டேன். மேரியக்கா ஆற அமர உச்சிக்கு ஏறினாங்க. செல்வி வீடியோ எடுக்க, நான் சந்தோஷம் தாங்காம மேசை மேல ஏறிக் கூத்தாடினேன்.

வெற்றி, இனி அடியிலிருந்து இன்னும் வேகமா ஆரம்பிக்கவும்னு டிவியில வந்ததை மேரியக்கா நிதானமா வாசிச்சாங்க.

"ஜெயிச்சாலும் திரும்ப அடியிலருந்து எடுக்கச் சொல்றானே தம்பி, இது எங்க தோட்டமேதான்."

கேமைக் கண்காட்சியில சேர்த்துட்டாங்க, பெட்டி தீரும்வரை பொறுக்கமுடியாத நான்தான் இன்னும் உச்சியைக் காணாம விழுந்துக்கிட்டிருக்கேன்.