முகத்தை மறைத்தோம், மாட்டை மறந்தோம்

தொலைக்காட்சிச் செய்தித் தொழிலில் இருப்பவருக்கு இரண்டு வகை அழைப்பு வரும்: ஒன்று "ஏன் போட்டனீங்கள்?", மற்றது "ஏன் போடேல்லை?". மூன்றாவது வகையும் உண்டு. அதில் ஒருவரும் பேசமாட்டார்கள், மூச்சு மட்டும் கேட்கும். இந்த மூன்றையும் வாங்கிக்கொண்டு அடுத்த நாளும் தலை சீவி வேலைக்குப் போகிறவர் யாராவது இதை வாசித்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா வாசித்துச் சிரித்துவிட்டுப் போங்கள்.

இது கேள்வியில்லை

நான் வவுனியாவில் செய்தியாளராக இருந்த காலத்தில் ஒரு நேரடி விவாதம் நடத்தினேன். இராணுவம் பிடித்து வைத்திருந்த காணிகளின் விடுவிப்புத்தான் தலைப்பு. எங்கள் பக்கத்து அரசியல்வாதி ஒருவர் வெள்ளைச் சேட்டும் சந்தனமுமாக வந்து, தான் போராடி மீட்ட காணிகளைப் பற்றி மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காணியில் இப்போது யார் விதைக்கிறார்கள் என்று கேட்டேன். சனம் என்றார். எந்தச் சனம் என்று கேட்டேன். அவருடைய மச்சான்தான் விதைக்கிறார் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்த முழு ஊருக்கும் தெரியும்.

அடுத்த நாள் எனக்குத் துரோகி என்று சுவரொட்டி. அதற்கடுத்த கிழமை, மறுபக்கத்தார் நடத்தும் பேஸ்புக் பக்கத்தில் எனக்கு இனவாதி என்று பட்டம். இரண்டுக்கும் ஒரே படத்தைத்தான் பாவித்திருந்தார்கள், அதுவும் நான் வாயைத் திறந்தபடி நிற்கிற படம். கொஞ்ச நாளில் என்னைக் கிளிநொச்சிக் கலையகத்துக்குச் செய்திப் பொறுப்பாளராக அனுப்பினார்கள். பதவி உயர்வு என்று சொன்னார்கள், வேறு ஒருவரும் போக ஒப்புக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லவில்லை. இத்தனைக்கும் காரணமான அந்த அரசியல்வாதி, சேட்டில் கொழுவியிருந்த மைக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழும்பும்போது சொன்னது இதுதான்: "தங்கச்சி, நீர் கேக்கிறது கேள்வியில்லை, வழக்கு. வழக்கெண்டால் நான் சட்டத்தரணியோடதான் வருவன்."

சீனி

கிளிநொச்சியில் கலையகத்துக்கு முன்னால் ஒரு தேநீர்க்கடை. போன முதல் நாளே நான் உள்ளே நுழைய, கதைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி வாயை மூடினார்கள். கடைக்காரர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வலு மரியாதையாகக் கேட்டார்: "அக்கா, நீங்கள் இப்ப எந்தப் பக்கமெண்டு சொன்னால், நான் சீனி போடுறதோ விடுறதோ எண்டு முடிவெடுக்கலாம்."

மாட்டைப் பிடித்த கை

தர்மபுரம் பக்கம் ஆற்றங்கரையில் மணல் அள்ளுகிறார்கள் என்பது புதுச் செய்தியில்லை. டிப்பர் லொறிகள் பகலிலேயே ஓடும். கரை இடிந்து வயலுக்குள் வெள்ளம் ஏறும். எல்லோரும் பார்ப்பார்கள், ஒருவரும் கதைக்கமாட்டார்கள். முன்னர் கதைத்த ஒருவருடைய வைக்கோற்போர் எரிந்தது. தானாக எரிந்தது என்று எழுதி மூடிவிட்டார்கள்.

இந்த நிலைமையில்தான் லெட்சுமி அக்கா கதைக்கச் சம்மதித்தார். தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவருடைய பேச்சில் மலையகமும் வன்னியும் கலந்திருக்கும். புருஷன் இல்லை, மகள் கட்டிப்போய்விட்டாள். ஒரு துண்டு வயலும் சில மாடுகளும் அவரும்தான். வயலின் பாதியை ஆறு தின்றுவிட்டது. டிப்பர்கள் யாருடையவை என்று பேர் சொல்லுவேன், ஆனால் முகம் தெரியக்கூடாது என்றார். நான் வாக்குக் கொடுத்தேன்.

படம் எடுக்கப் போனவன் ரமணன். கெட்டிக்காரன்தான், ஆனால் யாழ்ப்பாணப் பட்டினத்துப் பிள்ளை, பால் பைக்கற்றில் வருகிறது என்ற அளவுக்குத்தான் மாட்டைப் பற்றித் தெரியும். லெட்சுமி அக்காவை மாட்டுப் பட்டிக்குள் முதுகு காட்டி நிற்க வைத்து, தலையில் துவாயைப் போட்டு எடுத்தான். கணினியில் தலைப்பக்கத்தையும் மங்கலாக்கி, குரலையும் மாற்றினான். அவருக்கு நடுக்கம். பக்கத்தில் நின்ற சிவலைப் பசுவின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் முழுதும் சொல்லி முடித்தார். நான் அதை இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன். காது தெரிகிறதா, வளையல் தெரிகிறதா, ரமணன் எங்கேயாவது பேர் சொல்லிக் கூப்பிடுகிறானா என்று பார்த்தேன். எல்லாம் சரி என்று அனுமதி கொடுத்தேன். ரமணன் பெருமையாகச் சொன்னான்: "அக்கா, இதைப் பாத்தால் அவாவின்ர பெத்த தாய்க்கே ஆரெண்டு தெரியாது."

கண்டாவளை ஐயா

எங்களுக்கு ஒரு நேயர் இருக்கிறார், கண்டாவளையில் நெல் விதைப்பவர். செய்தி வாசிப்பவரின் சேலை நிறத்திலிருந்து வானிலைப் படம் வரை எல்லாவற்றிலும் பிழை பிடித்து அழைப்பார். அன்று மத்தியானம், மாலைச் செய்திக்கான முன்னோட்டம் அந்தப் பேட்டியின் துண்டோடு ஒளிபரப்பாகிப் பேஸ்புக்கிலும் ஏறிக் கொஞ்ச நேரத்தில் அவருடைய அழைப்பு வந்தது. வழக்கமாகச் சத்தம் போடுகிறவர், அன்றைக்கு மெதுவாகக் கதைத்தார்.

எங்கள் பக்கத்தில் மாட்டுக்குக் குறி சுடுவார்கள். விதைப்புக் காலத்தில் எல்லார் மாடும் காட்டோரம் ஒன்றாக மேயும். பிறகு பின்தொடையில் சுட்ட குறியைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். ஆளைத் தெரியாதவருக்கும் குறியைத் தெரியும். லெட்சுமி அக்கா பிடித்துக்கொண்டு நின்ற பசுவின் தொடையில் ஒரு சூலமும் அதன் கீழே ஒரு வட்டமும் பளிச்சென்று தெரிந்தன. ரமணனை விடுங்கள், அவனுக்குத் தெரியாது. நான் பூவரசங்குளத்தில் மாட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். என் கண்ணும் மனிதருடைய முகத்தை மட்டுமே தேடியிருக்கிறது. ஐயா சொன்னார்: "பிள்ளை, முகத்தை மறைச்சது நல்ல வேலை. மாட்டை ஏன் மறைக்காமல் விட்டனீங்கள்?"

ஆட்கள் இல்லாத கதை

முன்னோட்டத்தை உடனே எடுக்கச் செய்தேன். எடுத்து என்ன, அதற்குள் சனத்தின் வட்ஸ்அப்பில் ஏறிவிட்டது. லெட்சுமி அக்காவுக்கு அழைத்தேன், போன் வேலை செய்யவில்லை. ரமணன் பக்கத்தில் நின்று நகம் கடித்தான். கையை எடடா என்று அவன்மேல் பாய்ந்தேன். உண்மையில் என்மேல்தான் எனக்குக் கோபம்.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து எங்கள் தொலைக்காட்சியின் பணிப்பாளர் அழைத்தார். டிப்பர் முதலாளி எங்களுக்கு விளம்பரம் தருகிறவர்களில் ஒருவர் என்பதை அப்போதுதான் சொன்னார். பேட்டியைத் தூக்கிவிட்டு ஆற்றையும் மணலையும் மட்டும் காட்டச் சொன்னார். அந்த மனுசிக்கும் அதுதானே பாதுகாப்பு என்றார். அதில்தான் தடுமாறிப்போனேன், ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி எனக்கும் நியாயமாகப் பட்டது. பேட்டியைப் போட்டாலும் பயம், போடாவிட்டாலும் இனிப் பயம். என் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அவர் அன்பாக முடித்தார்: "கதையை விடுங்கோ எண்டு நான் சொல்லேல்லை. ஆக்கள் இல்லாமல் கதையைப் போடுங்கோ எண்டுதான் சொல்லுறன்."

மாடு வாங்க வந்தவர்கள்

ரமணனையும் ஏற்றிக்கொண்டு தர்மபுரத்துக்கு வாகனத்தை விட்டேன். வழி முழுக்க எதிரே புகை கிளம்புகிறதா என்றுதான் கண் தேடியது. ஒழுங்கைக்குள் திரும்பியதும் வீட்டுக்கு முன்னால் வெறும் டிப்பர் ஒன்று நின்றது. படலை திறந்து கிடந்தது.

உள்ளே இரண்டு ஆண்கள் பட்டி வேலியில் சாய்ந்து நின்றார்கள். ஒருவன் போனில் எங்கள் முன்னோட்டத்தை வைத்துக்கொண்டு, படத்தையும் பசுவின் தொடையையும் மாறி மாறிப் பார்த்தான். லெட்சுமி அக்கா பசுவின் கழுத்துக் கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். அக்கம்பக்கத்து வீடுகளில் ஒரு சனத்தையும் காணவில்லை. ஆனால் வேலி ஓலைக்குப் பின்னால் ஆட்கள் நிற்பது தெரிந்தது. அந்த இருவரும் என்னைக் கண்டு பதறவுமில்லை, சத்தம் போடவுமில்லை. போன் வைத்திருந்தவன் சிரித்த முகத்தோடு சொன்னான்: "ஒண்டுமில்லையக்கா, இந்தக் குறி போட்ட மாடு விக்கிறதோ எண்டு கேக்க வந்தனாங்கள். விக்காட்டிலும் பரவாயில்லை, வீட்டைக் கண்டிட்டம்தானே."

துவாயை எடுத்தவர்

டிப்பர் புறப்பட்டுப் போனது. மன்னிப்புக் கேட்டேன். பேட்டியைப் போடமாட்டேன் என்றேன். பூவரசங்குளத்தில் என் அம்மா வீட்டில் கொஞ்ச நாள் வந்து இருக்கச் சொன்னேன். லெட்சுமி அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பசுவுக்குத் தண்ணீர் வைத்தார். எத்தனை தரம் இடம்பெயர்ந்தாச்சு, இனி மாட்டையும் இழுத்துக்கொண்டு எங்கே போவது என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பணிப்பாளருக்கு முன்னால் கலங்காத கண் இது.

பிறகு ரமணனைப் பார்த்து, கமரா கொண்டுவந்தாயா என்று கேட்டார். தலையில் கிடந்த துவாயை எடுத்துப் பட்டி வேலியில் போட்டார். கன்னத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு அதே பசுவுக்குப் பக்கத்தில், இந்தத் தடவை எங்களைப் பார்த்தபடி நின்றார். வேண்டாம் அக்கா, யோசியுங்கோ என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, அலுப்புத்தான் இருந்தது. "மாட்டைக் காட்டிட்டீங்க தங்கச்சி, இனி என்னையும் காட்டுங்க. மொகத்த மூடினா நா யாரோ ஒரு பொம்பள, என்ன செஞ்சாலும் கேக்க ஆளில்ல. தெறந்தா நா லெட்சுமி."

முதற்செய்தி

அன்று மாலை அதையே முதற்செய்தியாகப் போட்டேன். பேர், ஊர், முகம், குரல், மாடு, குறி எல்லாம் தெளிவாக. வந்த இருவரும் சொல்லிவிட்டுப் போனதையும் சொல்லுக்குச் சொல் வாசிப்பித்தேன். பணிப்பாளரின் அழைப்பு வந்து வந்து நின்றது. நான் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தி முடிந்ததும் கலையகத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்று எல்லோரும் தொலைபேசியைப் பார்த்தார்கள்.

நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. கடைசியில் வந்தது லெட்சுமி அக்காவின் அழைப்பு. ரமணன்தான் எடுத்து என்னிடம் நீட்டினான். போனுக்குள் மாடுகள் கத்துகிற சத்தம், ஆட்கள் ஆளுக்காள் கூப்பிடுகிற சத்தம். அக்கா, என்ன நடக்குது என்று கத்தினேன். அவர் சொல்லித்தான் விளங்கியது. செய்தி முடிய, முதலில் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் தன் மாடுகளைக் கொண்டுவந்து லெட்சுமி அக்காவின் பட்டிக்குள் கட்டியிருக்கிறார். அவரைப் பார்த்து அடுத்த வீடு. பிறகு, மத்தியானம் வேலிக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும். இனி அந்தப் பட்டியில் கை வைக்கிறவன் ஒரு வீட்டோடு அல்ல, ஒழுங்கை முழுவதோடும் கொழுவ வேண்டும். லெட்சுமி அக்கா அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. "தங்கச்சி, இப்ப நம்ம பட்டியில எல்லார் குறியும் நிக்குது. நாளைக்கு வந்து படம் புடிங்க, ஒண்டையும் மறைச்சிராதீங்க."

டிப்பர்கள் இப்போது வேறு பாதையால் ஓடுகின்றன, லெட்சுமி அக்கா மிஞ்சிய வயலை விதைத்துவிட்டார், தேநீர்க்கடைக்காரர் கேட்காமலே சீனி போடுகிறார், செய்திப் பொறுப்பாளர் கதிரை மட்டும் எனக்கு இல்லாமல் போய்விட்டது. பரவாயில்லை, வவுனியாவிலிருந்து ஆனையிறவு வரை எந்தத் தொலைக்காட்சிக்காரரும் தூரத்திலேயே கண்டு விலகிப் போகிற மாதிரி என்மேலும் நல்ல வடிவாகக் குறி சுட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.