மூன்று தரம் தீர்த்தம்

என் அத்திம்பேர், அதாவது அக்கா புருஷன், ராமபத்ரன் திருவள்ளூர் பெருமாள் கோயிலில் முப்பத்திநான்கு வருஷமாகத் தீர்த்தம் சாதிக்கிறவர். இடது கையில் வெள்ளி வட்டில், வலது கையில் உத்தரணி என்கிற சின்னக் கரண்டி. அவ்வளவுதான் அவர் உத்தியோகம். வரிசையில் நிற்கிறவர்கள் கையைக் குழித்து நீட்ட வேண்டும். அவர் விட வேண்டும். பெருமாள் தீர்த்தம் மூன்று தரம் என்பது எங்கள் வழக்கம். கூட்டம் நெரிகிற அமாவாசையில்கூட அவர் மூன்றை இரண்டாக்க மாட்டார். பின்னால் நிற்கிறவர்கள் "சாமி, சீக்கிரம் சாமி" என்று முணுமுணுப்பார்கள். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

எங்கள் ஊர்ப் பெருமாளுக்கு வைத்தியர் என்றே பெயர். அமாவாசைக்கு அமாவாசை ஜனங்கள் வந்து கோயில் குளத்தில் வெல்லத்தைப் போடுவார்கள். வெல்லம் கரைகிற மாதிரி வியாதியும் கரைந்துவிடும் என்று நம்பிக்கை. வீட்டில் ஆள் படுத்திருந்தால் குட்டி பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து அத்திம்பேரிடம் தீர்த்தம் கேட்பார்கள். அவர் முகம் சுளிக்காமல் நிரப்பித் தந்து, எல்லோருக்கும் ஒரே வாசகத்தைச் சொல்லுவார்: "ஆஸ்பத்திரியில இருந்தாலும் பரவாயில்லை. மூணு தரம் வாயில விடுங்கோ. பெருமாள் பார்த்துப்பார்."

நான் அந்த வரிசையில் அதிகம் நிற்காதவன். பெயர் கிருஷ்ணா என்பதோடு என் பக்தி முடிந்தது. வேப்பம்பட்டில் குடியிருந்துகொண்டு கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசராக வேலை பார்க்கிறேன். எவனாவது கையை நசுக்கிக்கொண்டால் அது ஏன் நசுங்கியது, யார் சொல்லி யார் கேட்கவில்லை என்று துருவித் துருவி எழுதுவது என் பிழைப்பு. பதினெட்டு வருஷம் இதையே செய்ததில் வாய் நீண்டுவிட்டது, யார் மேலும் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. அத்திம்பேரை எப்போது பார்த்தாலும் வம்புக்கு இழுப்பேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீ ஹெல்மெட் போட்டுக்கறே, நான் திருமண் இட்டுக்கறேன். ரெண்டும் தலைக்குத்தானேடா" என்பார். அக்கா வைதேஹி சமையலறையிலிருந்து, "அவன்ட்ட ஏன் வாயைக் குடுக்கறேள்?" என்று கத்துவாள். அவர் கொண்டுவரும் தீர்த்தத்தை மூன்று தரம் வாங்கிக்கொள்ளாமல் அவள் காபி குடித்ததை நான் பார்த்ததில்லை.

அந்த அக்காவுக்குப் போன புரட்டாசியில் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. நான்காம் நாள் அவளை ஆவடிக்கு இந்தப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் சேர்த்து, தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் இணைத்தார்கள். இரண்டு நுரையீரலும் வெளுத்துக் கிடந்த எக்ஸ்ரேயை டாக்டர் காட்டினார். "பாக்கலாம்" என்றார். டாக்டர்கள் பாக்கலாம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நானும் அடிபட்டவன் வீட்டுக்காரர்களிடம் அதைத்தான் சொல்லுவேன்.

காலை பதினோரு மணிக்குக் கால் மணி நேரம், மாலை ஐந்துக்குக் கால் மணி நேரம், ஒருத்தர் மட்டும் உள்ளே போகலாம். மற்ற நேரமெல்லாம் வெளியே இரும்பு நாற்காலி. அத்திம்பேர் விடிகாலைக் கைங்கரியத்தை முடித்துக்கொண்டு ரயிலேறி வந்துவிடுவார். அவர்கள் பெண் ஸுப்ரஜா ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்து சகஸ்ரநாமம் சொன்னாள். மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். "வைத்தியராத்துலயே வியாதின்னா அவர் சும்மா இருப்பாரா மாமா?" என்று என்னைக் கேட்டாள். ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் நானும் கால் கிலோ வெல்லம் வாங்கிக்கொண்டுபோய்க் குளத்தில் போட்டேன். அது கரைகிற வரைக்கும் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பதாம் நாள் காலை குழாயை எடுத்தார்கள். ஸுப்ரஜா செக்யூரிட்டி ஜெயராஜின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவருக்கே கண் கலங்கிவிட்டது. நர்ஸ் மோனிகா வெளியே வந்து எங்கள் மூவரையும் நிறுத்திவைத்துச் சொன்னாள். "இன்னும் வாய்ல ஒண்ணும் குடுக்கக் கூடாது சார். தண்ணிகூட வாணாம். ஒம்போது நாளு குழாய் இருந்த தொண்ட, முழுங்குறதே மறந்து போயிருக்கும். நாளிக்கி டெஸ்ட் பண்ணிட்டு நாங்களே குடுப்போம். ஒதடு காஞ்சா நான் பஞ்சுல நனச்சுக்கினு இருக்கேன்." மூவரும் தலையாட்டினோம். கட்டிலின் தலைமாட்டிலும் சிவப்பு எழுத்தில் அதையே எழுதி ஓர் அட்டை மாட்டியிருந்தார்கள். அந்த மாதிரி அட்டைகளை எங்கள் தொழிற்சாலையில் மாட்டுகிறவனே நான்தான்.

அன்று மாலை ஐந்து மணிக்கு அத்திம்பேர் உள்ளே போனார். ஐந்தே காலுக்கு வெளியே வந்தபோது அவர் முகம் கல்யாண வீட்டுக்காரர் முகம் போல இருந்தது. என்னைத் தூண் பக்கமாக இழுத்துக்கொண்டு போனார்.

"பேசறாடா. குரல் கட்டியிருக்கு, ஆனா பேசறா. என்ன கேட்டா தெரியுமோ? தீர்த்தம் கேட்டா."

"என்ன சொன்னேள்?"

"என்ன சொல்றது, சாதிச்சேன்." இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் காட்டினார். கூடவே வீட்டு உத்தரணியும் இருந்தது. "மூணு தரமும் வாங்கிண்டா. கடைசித் தரம் கொஞ்சம் புரை ஏறித்து. இருமினா. அப்புறம் சரியாயிடுத்து."

"உங்களுக்குப் புத்தி இருக்கா அத்திம்பேர்? காலம்பற அந்தப் பொண்ணு தொண்டை கிழியச் சொன்னாளே!"

"அது தண்ணிக்குச் சொன்னா. இது தீர்த்தம்டா" என்றார். கோபமே இல்லாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி சொன்னார்.

நான் உடனே உள்ளே போய் மோனிகாவிடம் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் ஒருத்தன் இப்படித் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் நான் மெமோ கொடுப்பேன். ஆனால் அக்கா வாய் திறந்து கேட்டாள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. இத்தனூண்டு உத்தரணியில் மூன்று தரம், அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். டீக்கடைக்குப் போய் மூன்று டீ வாங்கி வந்தேன். அத்திம்பேர் வெளியில் எங்கும் டீ குடிக்காதவர். அன்றைக்குக் குடித்தார்.

மறுநாள் காலை காய்ச்சல் நூற்றுமூன்று. பதினோரு மணிக்கு நாங்கள் போனபோது மறுபடியும் குழாய் போட்டிருந்தார்கள். டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, "நெஞ்சில் ஏதோ இறங்கியிருக்கு. இன்ஃபெக்‌ஷன் ஆயிடுச்சு. வாயில் யாராவது ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லவே இல்லை டாக்டர்" என்றாள் ஸுப்ரஜா. "நாங்க சிஸ்டர் சொன்னபடிதான் கேட்கறோம்."

டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். அத்திம்பேர் தரையைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"சில நேரம் எச்சிலே இறங்கிடும்" என்றார் டாக்டர். "பாக்கலாம்."

எச்சிலாகவே இருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது. மற்றவர்கள் வழக்கில் ஐந்து தரம் ஏன் ஏன் என்று கேட்டுக் காரணத்தைக் கக்கவைக்கிற எனக்கு, இதில் முதல் ஏன் கேட்கவே பயமாக இருந்தது. அத்திம்பேர் அன்றிலிருந்து நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். என்னோடு பேசவும் இல்லை. அவரை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ஸுப்ரஜா மட்டும் விடாமல் சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் பழவேற்காட்டிலிருந்து ஒரு மீன்பிடிக் குடும்பம் வந்து எங்களுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தது. அந்த அம்மாள் பெயர் கோவிந்தம்மா. புருஷன் தேசப்பனுக்கு மூளையில் ரத்தக்கட்டு. பொன்னேரியில் பார்த்து இங்கே அனுப்பிவிட்டார்களாம். அத்திம்பேரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து கும்பிட்டாள்.

"சாமி, நீ பெருமாள் கோயில்ல தீர்த்தம் குடுக்கிற சாமிதானே? தை அமாவாசைக்கு வருசா வருசம் வருவோம். உன் கையால எத்தினி தபா வாங்கிக்கிறேன்." கையில் ஒரு மாத்திரைப் புட்டி வைத்திருந்தாள். "என் ஊட்டுக்காரரு உள்ள கெடக்குறாரு சாமி. இன்னா ஏதுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாங்கோ. உன்னாண்ட தீர்த்தம் இருந்தா இதுல கொஞ்சம் ஊத்து சாமி. வாய்ல உட்டுட்டு வரேன்."

அத்திம்பேர் இடுப்பு மடிப்பைத் தொட்டார். பாட்டில் அங்கேதான் இருந்தது. எடுக்கவில்லை.

"வாயில விடாதேம்மா" என்றார்.

"இன்னா சாமி?"

"வாயில விடாதே. என் ஆத்துக்காரி உள்ளே இருக்கா. நன்னாயிண்டிருந்தா. நான்தான் விட்டேன். நர்ஸ் வேண்டாம்னு சொல்லியும் விட்டேன். மூணு தரம் விட்டேன். முதல் தரம் நன்னா உள்ளே போச்சு. அதோட நிறுத்தியிருக்கலாம். ஊர்ல எத்தனை பேருக்கு இதையே சொல்லியனுப்பினேன். அவாள்ளாம் என்ன ஆனான்னு எனக்குத் தெரியாதும்மா. நான் கேட்டதே இல்லை."

சகஸ்ரநாமம் நின்றது. ஸுப்ரஜா அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்திலிருந்தே எனக்கும் தெரியும் என்று புரிந்துகொண்டாள். புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு எழுந்து, லிப்ட் பக்கம் இருந்த கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து அவள் திரும்பி வரவில்லை.

கோவிந்தம்மா கையிலிருந்த புட்டியைப் பார்த்தாள். "நெத்தில வெச்சா போதுமா சாமி?"

"போறும்."

"வெச்சா பொழச்சுக்குவாரா?"

பெருமாள் பார்த்துப்பார் என்று முப்பத்திநான்கு வருஷமாகச் சொன்ன வாய் அது. திறந்தது, ஒன்றும் வராமல் மூடிக்கொண்டது. பாட்டிலை எடுத்து அவள் புட்டியில் ஊற்றினார். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

அன்று மாலையே அத்திம்பேர் தானாக டாக்டரிடம் போய்ச் சொன்னார். டாக்டர் திட்டவில்லை. "இப்ப தெரிஞ்சு ட்ரீட்மெண்ட் ஒண்ணும் மாறப் போறதில்லை" என்றார். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பதினைந்தாம் நாள், வியாழக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு ஜெயராஜ் கதவைத் திறந்து, "மூணு பேரும் போங்க சார்" என்றார். ஒருத்தருக்கு மேல் விடாத கதவு. உள்ளே அக்காவின் ரத்த அழுத்தம் மருந்துக்கும் நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தது. கையெல்லாம் வீங்கி, வளையல் கழற்றிய இடம் மட்டும் பள்ளமாகத் தெரிந்தது. தலைமாட்டில் அந்த அட்டை இல்லை. கழற்றிவிட்டிருந்தார்கள்.

மோனிகா அத்திம்பேர் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள். "ஐயரே, தீர்த்தம் வெச்சிருந்தா இப்ப குடுங்க. இனிமே ஒண்ணும் ஆவாது."

அவர் பாட்டிலைத் திறந்தார். உத்தரணியில் ஊற்றும்போது பாதி போர்வையில் சிந்தியது. முப்பத்திநான்கு வருஷம் சிந்தாத கை. குழாய்க்குப் பக்கத்தில், உதட்டோரமாக, ஒரு தரம் விட்டார். அது வழிந்து கன்னத்தில் இறங்கியது. மேல்வேஷ்டி நுனியால் துடைத்துவிட்டு, பாட்டிலை மூடினார்.

ஸுப்ரஜா மூன்று நாளாக அவரோடு பேசியிருக்கவில்லை. இப்போது அவர் முழங்கையைத் தொட்டாள்.

"அப்பா, இன்னும் ரெண்டு தரம் இருக்கு."

"வேண்டாம்மா" என்றார். "ஒண்ணு போறும்."

அவள் அவர் கையிலிருந்து பாட்டிலை வாங்கப் பார்த்தாள். அவர் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஐந்தே முக்காலுக்கு மெஷினின் கோடு நேராகும் வரைக்கும் அப்படியே நின்றார்.